பாடைக்கு ஏது தனிப் பாதை?

பெங்களூரு அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் பாடை கட்டுவது என் தொழில். அப்பா செய்ததும் இதுதான். இரண்டு நீள மூங்கில், குறுக்கே கழிகள், அதன்மேல் பச்சைத் தென்னங்கீற்று. கால்மாட்டில் முடிச்சு தளர்ந்தால் தெருமுனை திரும்பும்போது உடல் சரிந்துவிடும். அந்த முடிச்சை நானேதான் போடுவேன். அல்சூர் வட்டாரத்தில் எல்லாச் சாதிச் சாவுக்கும் கட்டியிருக்கிறேன். விறைத்த உடலைத் தூக்கிக் கிடத்தும்போது கனம் தெரியும், குளிர்ச்சி தெரியும். சாதி தெரிந்ததே இல்லை.

பிறகு தீட்டு என்பது எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை எனக்குள் கூர்மையாக்கியவர் திரைப்பட இயக்குநர் அம்ஷன் குமார்.

'சினிமா ரசனை', 'பேசும் பொற்சித்திரம்' எழுதியவர் அவர். பாரதியைப் பற்றியும் அசோகமித்திரனைப் பற்றியும் ஆவணப்படங்கள் எடுத்தார். கி.ராஜநாராயணனின் 'கிடை' அவர் கையில் 'ஒருத்தி' என்ற படமானது. ஈழத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி பற்றிய ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. தவிலின் இரு முகமும் செத்த மாட்டின், ஆட்டின் தோல்தான். அது சுவாமி புறப்பாட்டில் முன்னால் போகிறது. யாரும் தீட்டு என்பதில்லை. அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்தியவனைத்தான் வாசலில் நிறுத்தினார்கள்.

2017இல் அம்ஷன் குமார் எடுத்த 'மனுசங்கடா' கதைப்படம்தான். ஆனால் ஆவணப்படக்காரரின் கண் அதில் விழித்திருக்கிறது. தலித் இளைஞன் ஒருவன் செத்துப்போன அப்பாவைப் பொதுவழியில் எடுத்துப்போக நீதிமன்ற உத்தரவு வாங்கி வருகிறான். உத்தரவு கையில் இருந்தும் வழி கிடைப்பதில்லை. இது கற்பனை இல்லை. 2016 ஜனவரியில் மயிலாடுதுறைக்குப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில், பொதுவழியில் போக உயர் நீதிமன்றம் அனுமதித்த பிறகும், தலித் முதியவர் ஒருவரின் உடலைப் போலீஸே எடுத்துப்போய் அடக்கம் செய்தது.

சுடுகாட்டில் ஆடுகிறவன் என்றுதான் சிவனைக் கும்பிடுகிறோம். எங்கள் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலிலிருந்து வரும்போது நெற்றியில் திருநீறு இருக்கிறது. எல்லோரும் ஒருநாள் சாம்பல்தான் என்பதை மறக்காமல் இருக்கவே அதைப் பூசுகிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் பூசிய கையாலேயே ஒரு பாடையை மறிப்பவன் சாமியையும் சேர்த்துத்தான் மறிக்கிறான். தீட்டு என்று ஒன்று உண்டென்றால் அது அவனுடையது.

பார்த்ததை மறைக்காமல் சொல்வதும் அறம். பாடையை மறித்ததை ஊரே பார்த்தது. பார்க்காததுபோல் கதவைச் சாத்திக்கொண்டது. 'மனுசங்கடா' எடுத்தவர் அந்தக் கதவைத் திறந்தார். மந்திரம் சொல்லும் பலரைவிடச் சாவுக்கு அவர் மரியாதை செய்திருக்கிறார் என்பேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சொந்த ஊரில் சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை எது என்று விசாரியுங்கள். அது வயல் வரப்பாகவோ ஓடையாகவோ இருந்தால், அடுத்த சாவு விழும் முன் பொதுவழியைத் திறந்துவிடப் பேசுங்கள்.