மரியாதை யாருக்கு?

ஊருக்கொரு கோயில், கோயிலுக்கொரு விழா, விழாவுக்கொரு பரிவட்டம்! அந்தப் பரிவட்டம் எவர் தலையில் ஏறுவது என்னும் பூசலில் மண்டை உடைந்த ஊர்களும் உண்டு. உயர்நீதிமன்றப் படியேறிய ஊர்களும் உண்டு. முதல் மரியாதை என்று அதற்குப் பெயர். அது குணத்தைக் கேட்பதில்லை, குலத்தைத்தான் கேட்கிறது!

அந்தப் பெயரையே தாங்கி, 1985-ஆம் ஆண்டில், பாரதிராஜாவின் இயக்கத்தில் ஒரு படம் வந்தது. சிவாஜி கணேசன் மலைச்சாமியாக, வடிவுக்கரசி பொன்னாத்தாவாக, ராதா குயிலாக நடித்த படம். இளையராஜாவின் இசை உள்ளத்தைத் தொட்டது. பாடல்களுக்காக வைரமுத்து தேசிய விருது பெற்றார். கண்டோர் கண்ணீர் வடித்தனர். கண்ணீரைத் துடைத்த பின்னர், கருத்துக் கண்ணையும் சற்றே திறக்க வேண்டாமா?

கதை இதுதான். ஊரார் போற்றும் பெரியவர் மலைச்சாமி. வீட்டிலோ, மனைவி பொன்னாத்தாவின் சுடுசொல்தான் அவருக்கு நாள்தோறும் கிடைக்கும் விருந்து! அவள் மணமாகும் முன்பே வேறொருவனால் கருவுற்றவள். அவளுடைய தந்தை, மலைச்சாமியின் மாமன், குடும்ப மானத்தைக் காப்பாற்று என்று கெஞ்சினார். மலைச்சாமி தாலி கட்டினார். மானம் தப்பியது. மணவாழ்க்கை? ஊருக்கு அவர்கள் கணவன் மனைவி. உள்ளத்தால் இருவரும் அயலார்.

அரங்கம் முழுவதும் மலைச்சாமிக்காக உருகுகிறது. உருகட்டும், அவர் பட்ட துன்பம் பொய்யன்று. நாம் கேட்பது வேறு. அவர் செய்தது தியாகமா? தியாகமென்றால், யாருக்காக?

எரியும் குடிசைக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கி வருகிறவன் தியாகி. அவன் உடல் கருகினாலும் குழந்தை பிழைக்கிறது. இங்கே பிழைத்தவர் யார்? மலைச்சாமி வாழவில்லை, பொன்னாத்தாவும் வாழவில்லை. பிழைத்தது மாமனின் பெயர் ஒன்றே! ஒரு பெயர் உயிர்வாழ இருவர் உயிரோடு மாண்டனர்.

"தூற்றும் ஊரிலே வேறு வழி ஏது? பிறக்கும் குழந்தைக்குத் தந்தை என்றொருவர் வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. ஊர்வாயிலிருந்து ஒரு பெண்ணையும் ஒரு குழந்தையையும் மறைத்துக் காத்ததில் பரிவு உண்டு; நாம் மறுக்கவில்லை. ஆனால், எவரைக் காக்கிறோமோ அவரைக் கேட்காத பரிவு, பாதிப் பரிவே. மாமனின் மானம் பேசப்படுகிறது. மருமகனின் பெருந்தன்மை பேசப்படுகிறது. பொன்னாத்தாவின் விருப்பம் என்ன என்ற கேள்வியைக் கதை எடுத்துக்கொள்ளவே இல்லை. அவளுக்கு நாக்கு தரப்பட்டது, வாக்கு தரப்படவில்லை! அவள் சொல் கொடியதுதான். ஆயினும், பல்லாண்டு அன்பின்றி அடைபட்டுக் கிடந்தவளிடம் இன்சொல்லை மட்டும் எதிர்பார்ப்பது எந்த ஊர் நீதி?

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணமுறிவுக்கு வழி வகுத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து வந்த இப்படத்திலும் அந்தக் கதவை எவரும் தட்டவில்லை. சட்டத்தினும் வலியது, "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்னும் அச்சம்!

மறைத்துக் காக்கும் மானத்துக்குப் பசி அடங்குவதும் இல்லை. பொன்னாத்தாவைக் கைவிட்டவன் ஒருநாள் திரும்பி வருகிறான். மறைபொருள் வெளியாகிவிடும் என்ற நிலையில், மலைச்சாமியை உயிராக மதித்த குயில் அவனைக் கொல்கிறாள், சிறைக்குச் செல்கிறாள். கணக்குப் பாருங்கள், தோழர்களே! கருகிய வாழ்வுகள் இரண்டு. போன உயிர் ஒன்று. சிறையிலே ஓர் இளம்பெண். இத்தனையும் எதற்கு? ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் வாய் திறவாதிருக்க!

எனினும், இப்படத்தை நாம் மதிக்கிறோம்; காரணம், அதே மலைச்சாமி வேறொரு மலைச்சாமியாகவும் எழுந்து நிற்கிறார். அவருடைய உறவினன் செல்லக்கண்ணு, செருப்புத் தைப்பவரின் மகளான செவுளியை நேசிக்கிறான். சாதி குறுக்கே நிற்கிறது. மலைச்சாமி அதை ஒதுக்கிவிட்டு மணம் முடித்து வைக்கிறார். பின்னர், நகைக்காக அந்தப் பெண் கொல்லப்படுகிறாள். கொன்றவன் வேறு யாருமல்லன், தம் மருமகனே! அறிந்ததும் மலைச்சாமி என்ன செய்தார்? மகளின் தாலியை எண்ணி மறைத்தாரா? குடும்பத்தின் பெயரை எண்ணி வாய்மூடினாரா? இல்லை, அவனைக் காவலரிடம் ஒப்படைத்தார்.

மாமனின் சொல்லுக்குப் பணிந்த நாளில் அவர் மானத்தைக் காத்தார். மருமகனை ஒப்படைத்த நாளில் நீதியைக் காத்தார். முன்னதை ஊர் பாராட்டும். பின்னதற்கு வீடே அவரைப் பழிக்கும். பழி வரும் என்றறிந்தும் செய்த செயலன்றோ அறம்!

இது பழங்கதை என்று ஒதுக்க முடியுமா? 2016-இல், உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதும் இதே மானத்தின் பெயரால்தான். திரையிலே தாலியாக வந்த அச்சம், தெருவிலே அரிவாளாக வந்தது.

இளைஞர்களே! நாளை உங்கள் வீட்டிலும் குடும்ப மானம் என்று கூறி ஒரு பெரியவர் கண்கலங்கி நிற்கலாம். அவர் கண்ணீரை மதியுங்கள். ஆனால், விடை கூறுமுன், அந்த அறையின் மூலையில் வாய்பேசாது நிற்கும் பெண்ணைப் பார்த்து, "உன் விருப்பம் என்ன?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே நாம் தருவோம் முதல் மரியாதை!