வாசற்படியும் பேசும்

முதுமையடைந்த பெற்றோரை நோக்கி வெறுப்பான ஒரு சொல்லும் சொல்லலாகாது என்று திருமறையின் 17வது அத்தியாயம், 23வது வசனம் தடுக்கிறது. நாவை மட்டும் காத்துக்கொண்டால் போதுமா? வழுக்கும் தரையும், முழங்கால் தாங்காத வாசற்படியும் அச்சொல்லையே ஓயாமல் சொல்கின்றனவே!

நெதர்லாந்தின் வேஸ்ப் என்ற ஊரில் 2009ல் திறக்கப்பட்ட ஹோகவெய்க் குடியிருப்பைப் பாருங்கள். மறதி நோய் முற்றிய முதியோர் அங்கே வீட்டுக்கு ஆறேழு பேராக வசிக்கிறார்கள். வீதி, தோட்டம், கடை, உணவகம் யாவும் உள்ளேயே உண்டு. கட்டிடங்களே மதிலாகச் சூழ்ந்திருப்பதால், வழி தவறும் அச்சமின்றி அவர்கள் உலாவலாம்.

அதுவும் ஓர் அடைப்புத்தானே என்று சிலர் கேட்கலாம். தம் காலால் நடக்கவும், விரும்பியதைத் தேர்ந்துகொள்ளவும் இடமிருக்கும்வரை அது காவல். பிறர் வசதிக்காக அவ்வுரிமையைப் பறித்தால் அது சிறை.

"விழுந்துவிடுவீர்கள், எழுந்திருக்காதீர்கள்" என்று வாப்பாவைக் கட்டிலோடு இருத்திவிடுவது நமக்கு எளிது. பிடித்து நடக்க ஒரு கம்பி, அமர்ந்து உளூச் செய்ய ஓர் இருக்கை, இரவுக்கு ஒரு விளக்கு: இவற்றுக்கு அதிகம் செலவாகாது. ஆனால் அவருடைய கண்ணியம் அவர் வசமே இருக்கும்.

எனினும் கம்பி மகனாகிவிடாது. அருகில் அமர்ந்து பேசும் கடமை நம்மைச் சார்ந்தது. அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.