துண்டறிக்கையும் தொகுப்பாளர் அறமும்

துண்டறிக்கை ஒருநாள் வாழ்வுக்காக அச்சிடப்படுவது. கூட்டம் நடைபெறும் இடத்தை அறிவித்தோ, ஒரு கோரிக்கையைச் சில வரிகளில் எடுத்துரைத்தோ அதன் பணி முடிந்துவிடுகிறது. நூலுக்குரிய அட்டையும் பதிப்பாண்டும் அதற்கு இல்லை. பல தாள்களில் நாளும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. அன்று அதைக் கையில் வாங்கியவருக்கு ஆண்டு தெரிந்ததே அதற்குக் காரணம். இத்தகைய தாள்களைப் பிற்காலத்தார் தேடித் தொகுக்கும்போது எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னும் வினா எழுகிறது. இதனை நூலகவியல் சார்ந்த வினாவாக மட்டும் கருதுவது போதாது. இதில் அறமும் அடங்கியுள்ளது. திருவனந்தபுரத்தில் இருந்து தமிழாய்வு செய்வோர் இவ்வினாவை எளிதில் கடந்துவிட இயலாது.

திருவிதாங்கூரின் தென்பகுதித் தமிழர் 1945இல் நாகர்கோவிலில் தொடங்கிய அமைப்பு, பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தமிழ் வழங்கும் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டும் என்பது ஏ. நேசமணி முதலியோர் தலைமையில் அது நடத்திய போராட்டத்தின் கோரிக்கை. மறுபுறம், மலையாளம் பேசும் பகுதிகளை ஒன்றாக்கக் கோரி 1947 ஏப்ரலில் திருச்சூரில் கே. கேளப்பன் தலைமையில் ஐக்கிய கேரள மாநாடு கூடியது. இரண்டும் மொழிவழி உரிமையையே பேசின. எல்லைக்கோடு எங்கே விழவேண்டும் என்பதில்தான் மோதின. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடிய தமிழர்மீது துப்பாக்கிச்சூடு நடைபெற்றது. அப்போது ஆட்சியிலிருந்த பட்டம் தாணுபிள்ளை அமைச்சரவை பதவி விலகவேண்டும் என அவரது கட்சியின் பொதுச்செயலாளராகிய ராம் மனோகர் லோகியாவே கோரினார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரில் மறைந்த ஆசிரியர் ஒருவரின் வீட்டில் அக்காலத் தாள்கட்டு ஒன்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. தமிழ்த் தாள்களும் மலையாளத் தாள்களும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. நான் தமிழ்த் தாள்களை மட்டும் பிரித்தெடுத்து, வீட்டாரின் இசைவுடன் கொண்டுவந்தேன். மற்றவை நமக்குரியன அல்ல என்று எண்ணினேன். அவ்வாறு எண்ணியதாகச் சொல்வதுகூட மிகை, எண்ணாமலே செய்தேன். பின்னர் வீட்டில் அமர்ந்து படித்தபோது, அவற்றுள் ஒன்று மறுப்பறிக்கை என்பது தெரிந்தது. எதிர்த்தரப்பினர் வெளியிட்ட மலையாள அறிக்கை ஒன்றின் கூற்றுகளை முதலாவது, இரண்டாவது என எண்ணிட்டு அது மறுத்திருந்தது. கூற்றுகளை எடுத்துச் சொல்லவில்லை. படிப்போர் கையில் அந்த மலையாளத் தாளும் இருக்கும் என்று எழுதியவர் கருதியிருக்கவேண்டும். இரண்டு திங்கள் கழித்து நான் திரும்பச் சென்றபோது, எஞ்சிய தாள்களைப் பழைய தாள் வாங்குவோரிடம் கொடுத்துவிட்டதாக வீட்டார் கூறினர். அவர்கள்மீது குறையில்லை. பயனற்றவை என்று முதலில் ஒதுக்கியவன் நானே.

தமிழிலக்கிய வரலாறு அறிந்தோருக்கு இந்நிலை புதிதன்று. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதனை மறுக்க எழுந்த சமணக் காப்பியமாகிய நீலகேசி கிடைத்துள்ளது. புறத்திரட்டு காத்த சில பாடல்களை விட்டால், குண்டலகேசியைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு நீலகேசியும் அதன் உரையும் தருவதே. எதிரி எடுத்துக்காட்டிய அளவிலேயே ஒரு நூல் வாழ்கிறது. பௌத்தர் தரப்பு வாதத்தின் முழு வலிமை யாது என்பதை இனி எவரும் சொல்லமுடியாது. வென்றதாகக் கூறும் நீலகேசியின் வெற்றி எத்தகையது என்பதையும் அளக்கமுடியாது. மறுப்பை மட்டும் காப்பவர் தம் தரப்புக்கே கேடு செய்கிறார். இதற்கு மாறான செயலும் நம்மிடையே உண்டு. சைவராகிய உ.வே. சாமிநாதையர் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியை 1887இலும், பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். சிந்தாமணிக்காகக் கும்பகோணத்துச் சமணரிடம் சென்று பொருள் கேட்டறிந்தார்.

போராட்டத் தாள்களைத் தொகுப்பதில் அமெரிக்கர் முன்னோடிகள் எனலாம். டெட்ராய்ட் நகரின் அச்சுத்தொழிலாளரும் அரசிலிக் கொள்கையருமான ஜோ லபாடி தம் இயக்கத்தின் இதழ்களையும் சிறுநூல்களையும் தாள்களையும் சேர்த்துவைத்தார். 1911இல் அவை மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. பல்லாண்டுகள் ஒழுங்குபடாமல் கிடந்தன. 1924இல் ஆக்னஸ் இங்கிலிஸ் என்னும் அம்மையார் வந்து அவற்றை வகைப்படுத்தத் தொடங்கி, 1952இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார். அது நம்பிக்கையாளர் ஒருவர் தம் நம்பிக்கையைக் காத்த தொகுப்பு. கான்சாஸ் பல்கலைக்கழகம் 1965இல் பெற்ற லேயர்ட் வில்காக்ஸின் தொகுப்பு வேறு வகையது. இடதுசாரியினரின் தாள்களையும் தீவிர வலதுசாரியினரின் தாள்களையும் அவர் ஒருசேரச் சேர்த்தார். அன்பு மிகுந்தது முன்னது. ஆய்வாளனுக்கு இன்றியமையாதது பின்னது என்பது என் கருத்து.

துப்பாக்கிச்சூட்டை நியாயப்படுத்தும் தாளையும், அதில் இறந்தவருக்கு அஞ்சலி செலுத்தும் தாளையும் ஒரே பெட்டியில் வைப்பது இரண்டையும் நிகராக்குவதாகாதா என்று வினவலாம். வலுவான தடை இது. ஆயின் காப்பது வேறு, ஏற்பது வேறு. கொடுமையை நியாயப்படுத்தினர் என்று நாம் குற்றஞ்சாட்டும்போது, அச்சொல் எங்கே என்று கேட்போருக்குக் காட்ட அத்தாளே வேண்டும். சான்றை அழித்துவிட்டு வழக்காடுவது இயலாது. அடக்குமுறை அரசுகளுக்குக்கூட இது தெரிந்திருந்தது. 1928இல் பாரதியின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்த ஆங்கில ஆட்சி, தடைசெய்த வேறு பல வெளியீடுகளைக் கோப்பில் இட்டுவைத்தது. அவற்றை இன்று நாம் ஆவணக் காப்பகங்களில் படிக்கிறோம். அது தண்டிப்பதற்காகக் காத்தது. தொகுப்பாளர் எதற்காகக் காக்கிறார் என்பதே வேறுபாடு. அது தாளில் தெரியாது, யாருக்குத் திறந்து காட்டுகிறார் என்பதில்தான் தெரியும்.

காரியவட்டம் வளாகத்தில் தமிழ்த்துறையும் மலையாளத்துறையும் அருகருகே இயங்குகின்றன. 1950களின் எல்லைப் போராட்டத் தாள்களை இரு துறையினரும் சேர்ந்து, கட்டு அவிழ்க்காமல், கிடைத்த வரிசையிலேயே பதிவு செய்வது இயலும் செயலே. வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழும் இந்நகரில் அதற்குக் காலம் மிகுதியாக இல்லை. என்னிடமுள்ள மறுப்பறிக்கையின் விவரக்குறிப்பில், மூலக்கட்டு கலைக்கப்பட்டது என்றும், கலைத்தவன் தொகுப்பாளனே என்றும் எழுதியுள்ளேன். அம்மலையாளத் தாளின் வேறு படி எவரிடமேனும் இருக்கலாம், அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.