யாரிடம் தவணை கேட்பது?

“முடிந்தால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளும்!” வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் பேச்சு முற்றும்போது கடைசியில் வந்து நிற்கிற வார்த்தை இது. இதைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் குடித்தனக்காரராகவே இருப்பார். அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது? தம் பக்கம் நியாயம் இருக்கிறதென்று மெய்யாகவே நம்பிச் சொல்லுகிறவர்கள் உண்டு. மற்றவர்கள் நம்புவது நாட்காட்டியை. கேஸ் நடக்கும், நடந்துகொண்டேயிருக்கும், நடக்கிற மட்டும் வீடு நம் கையில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்பார்ந்த விசுவாசிகளே, நம் பங்கில் வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் இருக்கிறீர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இருக்கிறீர்கள். ஞாயிறு பூசையில் இரு சாராரும் ஒரே வரிசையில் முழந்தாளிடுகிறீர்கள். ஆகையால் இவ்விஷயத்தைக் கூச்சமின்றிப் பேசுவோம். கேள்வி இதுதான்: நாம் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் என்று மனச்சாட்சிக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அமீனா வந்து கதவைத் தட்டும் நாள் வரையில் அந்த வீட்டில் கழிகிற காலம் யாருடையது?

முதலில் சட்டத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலக யுத்தம் நடந்தபோது, 1941-ல், சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாடு ஓர் உத்தரவாக வந்தது. யுத்தம் முடிந்தது, கட்டுப்பாடு போகவில்லை. 1946-ல் அது சட்டமாயிற்று, 1949-ல் வேறு சட்டம் வந்தது, பின்பு 1960-ம் ஆண்டின் 18-ம் எண் சட்டம். அதன்படி வீட்டுக்காரர் இஷ்டம்போல் ஒருவரை வெளியேற்ற முடியாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டது, கட்டடத்தைப் பாழ்படுத்தியது, வீட்டுக்காரருக்கே குடியிருக்க வீடு தேவைப்பட்டது, இடித்துக் கட்ட வேண்டியது என்பன போன்று சட்டத்தில் குறித்த காரணம் ஒன்றைக் காட்டி ருசுப்படுத்த வேண்டும். பட்டணங்களில் வீடு குறைந்து ஜனம் பெருகியிருந்த காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய கேடயமாயிருந்தது. இதை மறந்துவிட்டு, சட்டமே குடித்தனக்காரனுக்காகச் செய்த சூழ்ச்சி என்று பேசுகிற வீட்டுக்காரர்களோடு எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் அந்தக் கேடயத்துக்குப் பின்னால் நீளமான படிக்கட்டு ஒன்று இருந்தது. சென்னையில் சிறு வழக்குகள் கோர்ட்டிலும் வெளியூர்களில் மாவட்ட முன்சீப்பிடமும் மனு போட வேண்டும். நோட்டீஸ் சேருவதற்குள்ளேயே மாதங்கள் போய்விடும். வாங்குகிறவர் அந்த நேரத்தில் மட்டும் வீட்டில் இருக்க மாட்டார். பிறகு பதில் மனு, சாட்சி, குறுக்கு விசாரணை. வக்கீலுக்குச் சுகமில்லையென்று ஒரு வாய்தா, நீதிபதி மாற்றலாகிப் போனதால் ஒரு வாய்தா. தீர்ப்பு வந்தால் அப்பீல், அதற்குமேல் ஐகோர்ட்டில் ரிவிஷன், மனமும் பணமும் இருந்தால் டில்லி. எல்லாவற்றிலும் ஜெயித்தவர் வீட்டுச் சாவியோடு திரும்புவதில்லை. நிறைவேற்றுகை மனு என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் ஒருவர் இறந்துபோனால் வாரிசுகளைச் சேர்க்க வேறொரு மனு. உள்ளே இருக்கும் மைத்துனரோ பங்காளியோ, “நான் தனிக் குடித்தனம், இந்தத் தீர்ப்பு என்னைக் கட்டாது” என்று தடை சொல்லுவார். இந்திய வழக்காளியின் கஷ்டம் டிக்ரி கைக்கு வந்த பின்புதான் தொடங்குகிறது என்ற கருத்தை லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லியிருக்கிறது. நிறைவேற்றுகை மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நம் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது 2021-ல். இடையில் 149 ஆண்டுகள். பத்து வருஷத்தைக் கடந்த வீட்டு வழக்கு நம் ஊர்களில் யாருக்கும் ஆச்சரியம் தருவதில்லை.

1960-ம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றிய சட்டம் 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை உடன்பாட்டை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் அஸ்திவாரம். வழக்குகளை முடிக்க நாட்கணக்கில் வரம்பும் வைத்திருக்கிறது. வரம்பு எழுதுவது சுலபம்; கோர்ட்டுகளின் நடையை மாற்றுவது அப்படியல்ல. பழைய சட்டத்தில் தொடங்கிய வழக்குகளோ பழைய சட்டப்படியே நடக்கின்றன.

இனி நம் கேள்விக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதை ஏறக்குறைய நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறார். தமது வேதசாஸ்திரப் பெருந்தொகுப்பில், பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி எழுதும் இடத்தில், அதை உடனே கொடுக்க வேண்டுமா, தள்ளிப் போடலாமா என்று தனியாக ஒரு கேள்வி எழுப்புகிறார். அவருடைய விடையின் சாரம் இது: பிறர் பொருளை எடுப்பது எப்படிப் பாவமோ அப்படியே உடையவனுடைய சம்மதமின்றி அதை வைத்திருப்பதும் பாவம், ஏனெனில் அவன் தன் பொருளை அனுபவிக்கவொட்டாமல் தடுக்கிறோம். பாவத்தில் சொற்ப நேரமும் தங்கியிருக்க ஒருவருக்கும் உத்தரவில்லை. ஆகையால் உடனே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தவணை கொடுக்கக் கூடியவரிடம் தவணை கேட்க வேண்டும். மெய்யாகவே முடியாதவனை அந்த முடியாமை மன்னிக்கிறது. ஆனாலும் அவன் தானாகவோ பிறர் மூலமாகவோ போய்க் கேட்கக் கடமைப்பட்டவன்.

தவணை கொடுக்கக் கூடியவர் யார்? சட்டம் குடித்தனக்காரருக்கு ஒரு காலத்தை உரிமையாகவே தந்திருந்தால், அதை அனுபவிப்பதில் எந்தப் பாவமும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடியும் முன் போகச் சொன்னால் மாட்டேன் எனலாம். பொய்க் காரணம் காட்டினால் கோர்ட்டுக்குப் போகலாம், அப்பீலும் செய்யலாம். ஆனால் சட்டம் உரிமையாகத் தந்த காலம் வேறு, சட்டம் மெதுவாக நடப்பதால் நம் கையில் விழுகிற காலம் வேறு. பின்னதை எந்த நீதிபதியும் நமக்குத் தானமாகத் தரவில்லை. வாய்தா என்பது கோர்ட்டு தன் வேலைக்காக எடுத்துக்கொள்ளுகிற நேரம். அதைத் தவணையென்று பெயர் சூட்டி அனுபவிக்கிறவர், கொடுக்க வேண்டியவரிடம் கேட்கவேயில்லை.

அதே வேதபாரகர் அப்பீலைப் பற்றியும் பேசுகிறார். தன் வழக்கின் நியாயத்தை நம்பி மேல் நீதிபதியிடம் போகிறவன் செய்வது சரி. நியாயமான தீர்ப்பு தன்மேல் விழாதபடி நாளைக் கடத்துவதற்காகவே போகிறவன் செய்வது தகாது, அவன் நீதிபதியின் கடமையையும் தடுக்கிறான், எதிரிக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் தடுக்கிறான் என்கிறார். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே காகிதம், ஒரே முத்திரைத்தாள். எது எதுவென்று வக்கீலுக்குத் தெரிந்திருக்கலாம். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

இப்படி ஒரு தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்த பின்பு மூன்று போர்ஷனில் இரண்டை வாடகைக்கு விட்டு ஜீவனம் செய்கிறார். மகனுக்குக் கலியாணமாகிறது, ஒரு போர்ஷன் வேண்டுமென்று ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லுகிறார். குடித்தனக்காரர் நோட்டீஸுக்குப் பதில் அனுப்புகிறார். மகன் இரட்டிப்பு வாடகை கொடுத்து வேறு தெருவுக்குப் போகிறான். வாடகையாக வருகிற பணம் வக்கீல் பீசாகப் போகிறது. பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரும்போதும் கேஸ் சாட்சி விசாரணையில் நிற்கிறது. இத்தனைக்கும் குடித்தனக்காரர் மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறவர். “நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கியில்லை” என்று பெருமையாகவும் சொல்லுவார். பாவசங்கீர்த்தனத்தில் ஏழாம் கற்பனையை நினைக்கும்போது இவருக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. பணத்தைப் பற்றிய மட்டில் அவர் சொல்வது சரி. மகன் வேறு தெருவில் கொட்டிய வாடகை, தாயார் தனியாகக் கிடந்த வருஷங்கள், இவை யார் கணக்கில் எழுதப்படும்?

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் சேசுநாதர் சுவாமி சொன்ன உவமை உங்களுக்குத் தெரியும். சர்வேசுரனுக்குப் பயப்படாத ஒரு நீதிபதி, அவனிடம் ஓயாமல் வந்து நியாயம் கேட்கும் ஒரு விதவை. நாம் இதைப் படிக்கும்போது நம்மை விதவையின் இடத்தில் வைத்துக்கொள்ளுகிறோம். ஜெபத்தில் சோர்ந்து போகாதிருக்கச் சொன்ன உவமையாகையால் அது முறையே. ஆனால் அந்த ஊரில் மூன்றாவது ஆள் ஒருவன் இருந்தான், அந்த விதவையின் எதிரி. உவமையில் அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேச அவசியமும் இல்லை. நீதிபதி சும்மா இருக்கிற மட்டும் அவன் காரியம் நன்றாகவே நடக்கிறது. சர்வேசுரனுக்குப் பயப்படாத நீதிபதியை நாம் எல்லோரும் திட்டுகிறோம். வீட்டில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்த அந்த எதிரி ஒருவேளை ஜெபக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறவனாகவும் இருந்திருக்கலாம்.

வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் குடித்தனக்காரருக்கு எடுத்துக் காட்ட ஓடாதீர்கள். தவணை கேட்பது ஒருவர் கடமையானால், கேட்டபோது காது கொடுப்பது மற்றவர் கடமை. உபாகமம் 24-ம் அதிகாரத்தில் கடன் கொடுத்தவனுக்கு ஒரு விதி இருக்கிறது. ஈடு வாங்கப் போகும்போது அவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கடனாளியே ஈட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடன் நியாயமான கடன்தான். ஆனாலும் ஒரு குடும்பம் வாழ்கிற இடத்தின் வாசற்படியில் உரிமைக்காரனும் நிற்க வேண்டியிருக்கிறது. கோர்ட்டு தாமதிக்கிறதென்று தண்ணீர்க் குழாயை அடைக்கிறவரும், மின்சாரத்தைத் துண்டிக்கிறவரும், குடும்பம் வெளியூர் போன சமயம் பூட்டை மாற்றுகிறவரும் அந்த வாசற்படியைத் தாண்டியவர்கள். தண்ணீர், மின்சாரம் முதலியவற்றை நிறுத்துவதை 2017-ம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. மகனுக்கு வேண்டும் என்று சொல்லிக் காலி செய்ய வைத்து, மறுமாதமே அதிக வாடகைக்கு வேறொருவரை வைக்கிறவர் சொன்னது பொய். பரீட்சைக்கு முந்தின மாதத்தில் பிள்ளைகளோடு வெளியேறச் சொல்லுகிறவர் பொய் சொல்லவில்லை. கேட்ட இரண்டு மாதத்தைக் கொடுத்திருக்கலாம்.

அட்வான்ஸ் விஷயமும் இதிலேயே அடங்கும். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தவருக்கு அந்தப் பணத்தை, “வெள்ளையடிக்க வேண்டும், புது ஆள் வந்தபின் பார்க்கலாம்” என்று மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். அதுவும் பிறர் பொருளை வைத்திருப்பதுதான். கேஸ் போட அவருக்குச் சக்தியில்லை என்று தெரிந்தே செய்தால் இன்னும் மோசம்.

கோவிலும் வீட்டுக்காரர் என்பதை விட்டுவிடலாகாது. பழைய சட்டம் நடந்த நாட்களில், 1976-ம் ஆண்டு அரசாங்க உத்தரவினால், இந்து, கிறிஸ்தவ, முகமதிய பொது தர்ம ஸ்தாபனங்களின் கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கிடைத்தது; அந்த விலக்கு செல்லும் என்று உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தர்மச் சொத்தின் வருமானம் ஏழைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டியது என்பதால் கொடுத்த சலுகை அது. அப்படிச் சலுகை பெற்றவர்கள் தவணை கேட்டு வருகிறவரிடம் மற்ற வீட்டுக்காரரைவிட அதிகப் பொறுமை காட்ட வேண்டும். கோவில் கடையில் இருப்பவர்களோ, “கோவில் சொத்துதானே, யார் கேட்பார்கள்?” என்ற பேச்சை விட வேண்டும். ஒருவர் கேட்பார்.

கடைசி வரைக்கும் வழக்காடித் தோற்றவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மேல் கோர்ட்டில் அப்பீல் தள்ளுபடியானதும் அவர்களுடைய வக்கீல் எழுந்து, காலி செய்யக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்பார். குறித்த தேதியில் வீட்டை ஒப்படைப்பதாகப் பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுக்கச் செய்து, கோர்ட்டும் பல சமயம் சில மாதங்கள் கொடுக்கும். இத்தனை வருஷங்களுக்குப் பிறகு கேட்டது இந்தச் சில மாதங்களைத்தான்.

ஆகையால் இப்போது போக வேண்டியவராயிருப்பவர், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்கள். “பார்க்கலாம், வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பரீட்சை முடியும் நாள், அட்வான்ஸ் புரட்ட வேண்டிய நாள், எது காரணமோ அதையும் சொல்லுங்கள். இருவரும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். முன்பே முகம் பார்த்துப் பேசாதவர்களாகிவிட்டீர்களானால், பிறர் மூலமாகவும் கேட்கலாம் என்று அர்ச். தோமாஸ் சொன்னாரே, அதற்குப் பங்கில் ஆள் உண்டு. சுவாமியாரிடம் சொல்லலாம், அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லலாம். சாமான் ஏற்றிப் போகிற வண்டிக் கூலிக்கு வழியில்லாமல் தங்கியிருப்பவர்கள் அதையும் மறைக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள்.