அடுத்தவர் நிலமும் அயலவர் உரிமையும்

இங்கிலாந்துச் சிற்றூர்களில் விளக்குக் கம்பத்திலோ வயலோர வேலிக் கதவிலோ சில வேளைகளில் ஒரு தாள் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். இன்ன வயலில் இத்தனை வீடுகள் எழுப்ப இன்னார் அனுமதி கோரியுள்ளனர். கருத்துக் கூற விரும்புவோர் 21 நாள்களுக்குள் எழுத்து வாயிலாகத் தெரிவிக்கலாம் என்பதே அதன் செய்தி. சொற்கள் வறண்டவை. ஆயினும் அத்தாள் தொங்கிய நாளிலிருந்து அவ்வூரின் உறக்கம் கலைந்துவிடுகிறது. கல்லறைத் தோட்டத்துப் புல்லையும் பேருந்து நிறுத்தத்து இருக்கையையும் பற்றியே ஆண்டு முழுதும் பேசிவந்த சிற்றூர் மன்றம் திடீரென்று ஓர் அறமன்றமாகிறது. ஊர் மண்டபத்தில் நாற்காலிகள் போதாமற் போகின்றன.

இத்தனைக்கும் அச்சிற்றூர் மன்றத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அது கருத்துக் கூறலாம், அவ்வளவே. தீர்ப்பு மாவட்ட மன்றத்தின் கையில் இருக்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் மேல்முறையீடு செய்யலாம்; நடுவண் அரசின் ஆய்வாளர் ஒருவர் வந்து வயலைச் சுற்றிப் பார்த்து, மாவட்ட மன்றத்தின் முடிவையே மாற்றிவிடலாம். ஆனால் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், எதிர்த்து நின்ற ஊராருக்கு அத்தகைய மேல்முறையீட்டு உரிமை இல்லை. முடிவு சட்டமுறைப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் ஆறு வாரங்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் கேட்கலாம். முடிவு நல்லதா என்று கேட்க இயலாது.

நிலம் ஒருவருக்குச் சொந்தம் என்றால், அதில் அவர் வீடு கட்டுவதற்கு ஊரார் ஏன் வாய்திறக்க வேண்டும்? இவ்வினாவுக்கு இங்கிலாந்து 1947-ஆம் ஆண்டில் துணிவான விடை ஒன்றை அளித்தது. அவ்வாண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் நிலத்தை உடையவரிடமே விட்டுவைத்தது. ஆனால் அந்நிலத்தை மேம்படுத்தும் உரிமையை அவரிடமிருந்து பிரித்துப் பொதுவுடைமை ஆக்கிவிட்டது. வயலுக்கு உரியவர் உழலாம், விதைக்கலாம், விற்கலாம். பொதுமக்கள் சார்பில் ஒரு மன்றம் இசைவு தந்தாலன்றி அங்கே செங்கல் அடுக்க இயலாது. 1990-ஆம் ஆண்டின் சட்டமும் இக்கோட்பாட்டின் மீதே நிற்கிறது. தீபகற்ப மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டமும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே என்பதால், இவ்வினா மலேசிய வாசகருக்கு அயலானதன்று.

1947-இன் சட்டத்தில் வேறோர் அறமும் இருந்தது. அனுமதி கிடைத்ததால் நிலத்தின் விலை உயர்கிறது என்றால், அவ்வுயர்வு உடையவரின் உழைப்பால் வந்ததன்று. ஊரின் இசைவால் வந்தது. ஆகவே அது முழுவதும் ஊருக்கே உரியது என்று சட்டம் கருதி, உயர்ந்த மதிப்பு அனைத்தையும் கட்டணமாகப் பெற்றது. அக்கட்டணம் 1953-இல் கைவிடப்பட்டது. பின்னர் 1967-இலும் 1976-இலும் வேறு பெயர்களில் வந்த வரிகளும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஓர் அரசு கொண்டுவந்ததை அடுத்த அரசு நீக்கிற்று. விளைவு கண்கூடு. கோதுமை விளையும் ஒரு ஹெக்டேர் நிலம் சில பத்தாயிரம் பவுண்டுக்கு விலைபோகும்; வீடு கட்டலாம் என்னும் இசைவு அதே மண்ணின்மேல் விழுந்தால் விலை பத்து இலட்சம் பவுண்டையும் தாண்டலாம். மழை பெய்யவில்லை, எரு இடவில்லை, ஏர் நகரவில்லை. ஒரு முத்திரை மட்டுமே விழுந்தது.

இதற்கு ஈடாக, வீடமைப்பாளர் சில வீடுகளை எளியோருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தரவேண்டும், பள்ளிக்கும் சாலைக்கும் பொருள் தரவேண்டும் என்று உடன்படிக்கை எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனுமதி கைக்கு வந்தபின், இவ்வளவும் கொடுத்தால் திட்டம் ஈடேறாது என்று கணக்கு எழுதிக் காட்டி, வாக்களித்த வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. அக்கணக்கில் வீடமைப்பாளரின் இலாபமாக விற்பனை மதிப்பில் 15 முதல் 20 விழுக்காடு வரை தக்கதெனக் கொள்ளலாம் என்று 2018-இல் அரசின் வழிகாட்டுதலே கூறிற்று. இலாபத்துக்கு ஒரு தரை வகுக்கப்பட்டிருக்க, ஏழையின் வீட்டுக்கு அத்தரை வகுக்கப்படாதது வியப்பே. ஊரார் சினம் கொள்வதற்கு இஃது ஒன்றே போதும்.

எனினும் ஊராரின் சினம் முழுவதும் அறச்சினம் என்று கொள்வதற்கில்லை. தன் சாளரத்தின் வழியே தெரியும் குன்று மறைந்துவிடுமே என்னும் துயரத்தைச் சட்டம் காதில் வாங்காது. தனிமனிதரின் காட்சியும் வீட்டு விலையின் வீழ்ச்சியும் கணக்கில் சேரா. ஆகவே அத்துயர் வேடம் புனைந்துகொள்கிறது. சாலை நெரிசல் என்றும், கழிவுநீர்க் குழாய் தாங்காது என்றும், புதரில் வௌவால் வாழ்கிறது என்றும் பேசுகிறது. சில இடங்களில் குழாய் உண்மையிலேயே தாங்காது. தாழ்ந்த வயலில் வெள்ளம் உண்மையிலேயே நிற்கும். மெய்யான காரணமும் புனைந்த காரணமும் ஒரே குரலில் ஒலிப்பதால், இரண்டையும் பிரித்தறிவது மன்ற உறுப்பினருக்கு அரிதாகிவிடுகிறது. மனிதரை மனத்தில் உள்ளதைச் சொல்லவிடாத சட்டம் அவர்களைச் சிறிது பொய்யராகவும் ஆக்கிவிடுகிறது.

சாளரக் காட்சியின் வரலாறும் எண்ணத்தக்கது. டார்செட்டில் மில்டன் ஆபஸ் என்றொரு சிற்றூர் உண்டு. வெண்சுவர் தீட்டி ஓலை வேய்ந்த குடில்கள் இருபுறமும் நிரையாக நிற்க, நடுவே தெரு சரிந்து இறங்கும். நாட்காட்டிப் படங்களில் அவ்வழகை விரும்பாதார் இலர். அவ்வூர் பிறந்த கதை அத்துணை அழகியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மில்டன் பிரபு ஜோசப் டேமர் அங்கிருந்த மடத்தை மாளிகையாக்கிக் கொண்டார். மடத்தருகே ஒரு பழைய அங்காடியூர் இருந்தது. அது பிரபுவின் பார்வையைக் கெடுத்தது. குத்தகைகள் ஒவ்வொன்றாகத் தீரத்தீர வீடுகள் இடிக்கப்பட்டன. எஞ்சிய மக்களுக்காகக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1780-இல், ஒன்றுபோன்ற 36 குடில்கள் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றிலும் இரு குடும்பங்கள். அசைய மறுத்த வழக்கறிஞர் ஒருவரை விரட்ட, மதகைத் திறந்து அவர் வீட்டில் வெள்ளம் புகச் செய்தனர் என்றும், அவர் வழக்காடி வென்றார் என்றும் கூறுவர். ஒருவரின் கண்ணுக்கினிய காட்சிக்காக ஓர் ஊரே பெயர்ந்தது. அவ்வாறு பெயர்ந்த ஊர் இன்று காக்கப்பட வேண்டிய காட்சியாகிவிட்டது.

ஊர் மண்டபக் கூட்டத்துக்கு வராத ஒரு சாரார் உண்டு. இன்னும் கட்டப்படாத வீட்டில் நாளை குடியேற இருப்பவர்கள் அவர்கள். அவ்வூரிலேயே பிறந்து, முதியோர் இல்லத்தில் பணிபுரிந்து, வாடகை கொடுக்க இயலாமல் இருபது கல் தொலைவிலிருந்து வந்து போகும் இளம்பெண் அவர்களுள் ஒருத்தி. அத்தாள் தொங்கும் 21 நாளும் அவள் அதனைக் கடந்து செல்லக்கூடும். தன்னைப் பற்றியே அதில் எழுதியிருக்கிறது என்று அவள் அறிய வழியில்லை. எதிர்ப்பவருக்கு முகவரி இருக்கிறது. வேண்டுபவருக்கு முகவரி இல்லை என்பதே அவர் வேண்டுதல். ஊரின் எல்லையில் வழக்கமாக அனுமதி கிடைக்காத சிறு நிலத்தில், அவ்வூர்த் தொடர்புடையோருக்காக மட்டும் குறைந்த விலை வீடுகள் கட்ட இடமளிக்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு. அதற்குங்கூட, நிலத்தை மலிவாகத் தர இசையும் ஓர் உடையவர் வேண்டும்.

2024-இல் ஆட்சிக்கு வந்த அரசு, தன் ஆட்சிக் காலத்துக்குள் இங்கிலாந்தில் 15 இலட்சம் வீடுகள் எழும் என்று வாக்களித்தது. அவ்வாண்டு இறுதியில் மாவட்ட மன்றங்களுக்குக் கட்டாய இலக்குகளையும் மீண்டும் வகுத்தது. முகவரியற்றோரின் சார்பில் இலண்டன் பேசுகிறது என்று இதனைக் கொள்ளலாம். ஊரின் வாயை இலண்டன் அடைக்கிறது என்றும் கொள்ளலாம். இரண்டும் மெய்யாக இருப்பதே இடர். இலக்கு வீடுகளை எண்ணும். அவ்வீடுகளுள் எத்தனை அவ்விளம்பெண்ணின் சம்பளத்துக்கு எட்டும் என்பதை உடன்படிக்கைதான் சொல்லவேண்டும். அவ்வுடன்படிக்கை எழுதப்படும் நாளில் ஊர் மண்டபம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கிறது. வயல் போய்விட்டது என்று வருந்தியவர்கள் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள்.