நல்ல மனது மாத்திரம் போதுமா?

வியாதிக்காரரைச் சந்திப்பது தர்மக்கிரியைகளில் ஒன்று என்று சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்தவர்கள் நாம். நமது பங்கு மக்கள் அதை மறந்துவிட்டார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்ற செய்தி பரவினால், அன்று மாலைக்குள் அந்த வீட்டுத் திண்ணை நிறைந்துவிடுகிறது. பழம், ஹார்லிக்ஸ், செபப்புத்தகம், இன்ன ஊரில் இன்னாருக்கு இன்ன பச்சிலையால் குணமாயிற்று என்ற கதை, எல்லாம் வந்து சேருகின்றன. வருகிறவர்களின் மனது நல்ல மனது, அதில் சந்தேகமில்லை. நாம் இங்கே கேட்க விரும்புவது வேறு. நல்ல மனதோடு செய்த காரியம் அந்த நோயாளிக்குக் கெடுதலாய் முடியுமானால், அதற்குப் பிறர்சிநேகம் என்று பெயர் கொடுக்கலாமா?

இது ஏட்டுச் சுரைக்காய்க் கேள்வி அல்ல. புற்றுநோய்க்காக இரத்தத்தில் ஏற்றப்படும் கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவை, வேகமாய்ப் பெருகுகிற உயிரணுக்களைத் தாக்கும் தன்மையுள்ளவை. புற்றின் அணுக்கள் வேகமாய்ப் பெருகுகின்றன. மயிர்க்கால், வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் அணுக்களும் அப்படியே. மருந்துக்குச் சத்துரு யார், சிநேகிதன் யார் என்று தெரியாது. ஆகையால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, சாப்பாடு தங்குவதில்லை. இவையெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாதது ஒன்று உண்டு. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகி நம்மைத் தொற்றிலிருந்து காக்கிற வெள்ளணுக்கள், பெரும்பாலும் மருந்து ஏற்றிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் மிகவும் குறைந்து போகின்றன. நமக்கு இரண்டு நாளில் போய்விடும் சளி, அந்த நாட்களில் அவருக்குப் பிராணாபத்தாகலாம். மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கட்டிலோரம் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிப் போகிறவர், ஒரு தர்மக்கிரியை செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

இன்னொன்று. அந்த நாட்களில் நடுராத்திரியில் காய்ச்சல் கண்டு, தர்மாமீட்டர் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொற்றுக்குரிய மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவுக்கு உயிருக்கு நல்லது. நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒரு பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து, போர்வையைப் போர்த்தி, செபமாலையைக் கையில் வைத்து, விடியுமட்டும் செபித்துக்கொண்டிருக்கிறோம். மாத்திரை காய்ச்சலைத் தணித்து ஆபத்தை மறைத்துவிடுகிறது. அந்தத் தாயின் அன்பைக் குறைசொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனாலும் போன மணி நேரம் போனதுதான். ஆட்டோவில் உட்கார்ந்து போகிற வழியிலும் அதே செபமாலையைச் சொல்லியிருக்கலாம்.

சிநேகம் என்றால் என்ன என்று கேட்டால், மற்றவனுக்கு நன்மையை விரும்புவது என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் படிப்பிக்கிறார். அந்த நன்மை எது என்பதை என் இருதயம் தீர்மானிக்க முடியாது. அது அந்த மனிதனுடைய உடலிலும் அவன் நிலைமையிலும் இருக்கிறது. நான் போய்த் தேடி அறிய வேண்டும். அறிந்துகொள்ள மனதில்லாமல் அன்பு மாத்திரம் காட்டுகிறவன், நோயாளியை நேசிப்பதைவிடத் தன் சொந்த உருக்கத்தையே அதிகம் நேசிக்கிறான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடுமையான வார்த்தைதான். ஆனால் விவேகத்தைத் தலையான புண்ணியங்களில் முதலாவதாக வைத்தது காரணமில்லாமல் அல்ல.

“தெரியாமல் செய்தேன், அது எப்படிப் பாவமாகும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தெரியாமை இரண்டு வகை. எவ்வளவு முயன்றும் நீக்க முடியாத தெரியாமை ஒன்று, அதற்குக் குற்றமில்லை. படிப்பில்லாத ஒரு விதவை, ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருப்பது விளங்காமல், எடுத்துச் சொல்ல ஆளுமில்லாமல், தனக்குத் தெரிந்தபடி தன் மகனைப் பார்த்தாளென்றால், சர்வேசுரன் அவளிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஒருவேளை எடுத்துச் சொல்லாத நம்மிடம் கேட்பார். கேட்டால் தெரிந்துகொள்ளக் கூடியதைக் கேட்காமலே இருப்பது இரண்டாவது வகை. ஒவ்வொருவனும் தன் நிலைமைக்கும் தான் ஏற்ற கடமைக்கும் வேண்டியதை அறியக் கடமைப்பட்டவன் என்று அதே அர்ச். தோமாஸ் கூறுகிறார். நோயாளியைப் பார்க்கும் பொறுப்பை ஏற்ற அன்றே, அதற்கு வேண்டியதைக் கற்கும் கடமையும் நம் தோளில் ஏறுகிறது.

நல்ல சமாரித்தன் உவமையைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவன் மனமிரங்கினான் என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். சேசுநாதர் அதோடு நிற்கவில்லை. அவன் காயங்களில் எண்ணெயும் திராட்ச இரசமும் வார்த்துக் கட்டினான் என்கிறார். இரசம் புண்ணைக் கழுவும், எண்ணெய் எரிச்சலைத் தணிக்கும்; அந்தக் காலத்து வைத்தியம் அது. அந்த வழிப்போக்கனுக்குக் காயம் கட்டத் தெரிந்திருந்தது.

நம் காலத்துக்குக் கிட்டின திருஷ்டாந்தம் ஒன்று. அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்னின் மகள் ரோஸ், 1891-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். அக்காலத்தில் புற்றுநோய் தொற்றும் என்று பயந்து, ஏழை நோயாளிகளை எல்லோரும் ஒதுக்கினார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்ய வேண்டுமென்று ரோஸுக்கு ஆசை. ஆசை வந்தவுடனே அவர் ஏழைகளின் தெருவுக்கு ஓடிவிடவில்லை. 1896-ல் நியூயார்க் நகரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய மூன்று மாதம் புண் கழுவவும் கட்டவும் கற்றுக்கொண்டார். நாற்பத்தைந்து வயதில், பெரிய வீட்டுப் பெண்மணி! அதன் பின்பே ஏழைகள் வசித்த பகுதியில் அறை பிடித்து வேலையைத் தொடங்கினார். பிற்பாடு அவர் ஏற்படுத்திய தொமினிக்கன் சகோதரிகள் சபை, நோயாளிகளிடம் ஒரு காசும் வாங்காமல் இன்றும் அந்த ஊழியத்தைச் செய்து வருகிறது.

இங்கே ஒருவர் மறித்து, “சுவாமி, ஆஸ்பத்திரி நர்ஸுகளில் சிலர் எல்லாம் தெரிந்தவர்கள்தான், முகத்தில் ஒரு சிரிப்புக் கூட இல்லையே. அன்பில்லாத அறிவால் என்ன பிரயோசனம்?” என்று கேட்கலாம். நம் பதில் சிலருக்குப் பிடிக்காது. நோயாளிக்குப் பிரயோசனம் உண்டு. கையைக் கழுவி, ஊசி ஏறின இடம் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, வேளை தவறாமல் மருந்து கொடுக்கிற நர்ஸ், சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் அவரைக் காப்பாற்றுகிறாள். அன்பில்லாமற் போனால் ஆத்தும நஷ்டம் அவளுக்கு, அர்ச். சின்னப்பர் சொன்னதும் அதுதானே. அறிவில்லாத அன்பினாலோ நஷ்டம் நோயாளிக்கு வருகிறது. மேலும், இரவு முழுவதும் முப்பது கட்டிலுக்கு நடுவே ஓடுகிறவள் சிரிக்கவில்லை என்று கணக்கெழுதுமுன், அவள் கடைசியாக எப்போது உட்கார்ந்தாள் என்றும் கேட்பது நல்லது.

பக்திக் காரியங்களிலும் இதே விவேகம் வேண்டும். கதிர் சிகிச்சை பெறுகிறவரின் தோல் வெந்த தோல் போல் மெலிந்திருக்கும்; வைத்தியர் சொல்லாத எதையும் அங்கே பூசக் கூடாது, அவர்கள் இட்ட அடையாளக் கோட்டைத் தேய்த்து அழிக்கவும் கூடாது. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை அந்த இடத்திலேயே தேய்க்க வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் உண்டு. கதிர் படாத இடமானால், நெற்றியில் ஒரு சிலுவை அடையாளம் போதும். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது தபசுகாலத்து ஒருசந்தி பிடிக்கிறேன் என்று சொல்லும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை: வியாதிக்காரரைத் திருச்சபை அதற்குக் கட்டுப்படுத்தவில்லை. வாய்ப்புண்ணோடு இரண்டு கரண்டி கஞ்சி குடிப்பது உங்களுக்கு எந்த ஒருசந்திக்கும் குறைந்த தபசு அல்ல.

எல்லாவற்றிலும் பெரிய தப்பெண்ணம் வலியைப் பற்றியது. மார்பின் மருந்து கொடுத்தால் அது முடிவுக்கு அடையாளம் என்றும், கொடுக்கச் சம்மதிப்பது பாவம் என்றும், கர்த்தர் பட்ட பாட்டை நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லுகிறவர்கள் பக்தியுள்ள குடும்பங்களில்தான் அதிகம். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ம் வருடம் பிப்ரவரி 24-ந் தேதி, மயக்க மருந்து வைத்தியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது இதைத் தீர்த்து வைத்தார். வேறு வழியில்லாவிட்டால், உயிர் சற்றுக் குறுகக் கூடும் என்று தெரிந்தாலும், வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு அப்படிப்பட்ட மருந்தைக் கொடுக்கலாம். நோயாளி தன் மற்றக் கடமைகளை நிறைவேற்ற அது தடையாயிருக்கக் கூடாது, அவ்வளவே. உள்ளபடி பார்த்தால், தெரிந்தவர்கள் அளவாய்க் கொடுக்கும் மார்பின் உயிரைக் குறுக்குவதில்லை. தூக்கமும் சாப்பாடும் திரும்பி வருகின்றன. தன் வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க நோயாளிக்கு உரிமை உண்டு. அவன் வலியை ஒப்புக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? 1985-ம் வருடத்துப் போதை மருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் இந்தியாவில் அநேக ஆஸ்பத்திரிகள் மார்பினை வைத்திருக்கவே அஞ்சின. 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று இலகுவாயிற்று. அப்படியிருக்க, சட்டம் திறந்த கதவை நம் வீட்டார் சாத்துவது என்ன நியாயம்?

பார்த்துக்கொள்ளுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீமோதெரபிக்குப் பின் ஏறக்குறைய 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். கையுறையோடு சுத்தம் செய்யுங்கள், கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம். புற்றுநோய் தொற்றாது, ஆகையால் பயந்து அவருக்குத் தனித்தட்டு வைத்து மனதைப் புண்படுத்தவும் வேண்டாம். வியாதிக்காரரை விட்டு நகர முடியாதவர்களுக்கு ஞாயிறு கடன் பூசை தவறினால் பாவமில்லை. நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் சாப்பிடாமலிருக்கும் ஒழுங்கும் வியாதிக்காரரையும் அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் கட்டாது.

மரியாயின் சேனை அங்கத்தினர்கள் வீடு சந்திக்கப் போகுமுன் அந்த வீட்டாரிடம், மருந்து ஏறி எத்தனை நாளாயிற்று, வரலாமா என்று போனில் கேட்டுக்கொள்ள வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் போக வேண்டாம். மற்றவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போகட்டும். வராதே என்று சொன்னால் வாசற்படியில் நின்று ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லி, அந்த வீட்டுக்கு வேண்டிய சாமானை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். விழுங்க முடியாத நோயாளிக்குத் தேவநற்கருணை கொண்டுவர வேண்டுமானால் முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள். அப்பத்தில் சிறு துணுக்காகவோ, அதுவும் கூடாதென்றால் திரு இரத்தமாகவோ கொடுக்கத் திருச்சபை இடம் தருகிறது. அதற்கான பாத்திரத்தை நாம் ஆயத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.