சாபம் எழுதிய பாறையும் அரசுப் பள்ளியும்

மாமல்லபுரத்தின் கணேச ரதத்திலும் தருமராஜ மண்டபத்திலும் இராமானுஜ மண்டபத்திலும் ஒரு சாபம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. உள்ளத்தில் உருத்திரனுக்கு இடம் தராதவர்கள் திரும்பத் திரும்ப இகழப்படட்டும் என்பது அதன் சாரம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கல்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விட வேண்டும், சாதியையும் மதத்தையும் காட்டும் குறிகளை அணியக் கூடாது என்று தீர்மானம் போட்டது. இந்த இரண்டு குரல்களின் வாரிசுகளும் இன்று ஒரே மாவட்டத்தில், ஒரே அரசுப் பள்ளியின் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். திருநீறு பூசி வரும் பிள்ளையும், கடவுள் இல்லை என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளையும், கோவளத்தில் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போகிற பிள்ளைகளும் ஒரே வாத்தியாரிடம் படிக்கிறார்கள். இவர்கள் வாய் திறந்து தங்கள் நம்பிக்கையையோ மறுப்பையோ சொல்லும்போது அந்தப் பள்ளி எப்படி நடந்துகொண்டால் அது நியாயம்? பள்ளி மதம் பேசக் கூடாது, ஆனால் பிள்ளைகள் பேசலாம், அந்தப் பேச்சு எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

அரசியல் சட்டத்தின் 28(1) பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் மதபோதனை கூடாது என்கிறது. பள்ளியில் மதம் பற்றிய பேச்சே கூடாது என்று இதைப் பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பிரிவு கட்டுப்படுத்துவது அரசை. பிள்ளையின் பேச்சுக்கு 19(1)(அ) இருக்கிறது, மனசாட்சிக்கு 25 இருக்கிறது. கேரளத்தில் 1985 ஜூலையில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நான் மிகவும் மதிப்பது, அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா என்று நீதிபதிகள் ஆராயப் புகாததுதான். அது உண்மையாகவே மனசாட்சியோடு கைக்கொள்ளப்பட்டதா என்று மட்டும் பார்த்தார்கள். அது பெற்றோர் ஊட்டிய நம்பிக்கைதானே என்று கேட்கலாம். ஆம். நம்மில் யாருடைய முதல் நம்பிக்கை வீட்டில் ஊட்டப்படாதது? நாத்திகர் வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

நம் மாநிலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது 2024இல். ஆகஸ்ட் இறுதியில் சென்னை அரசுப் பள்ளிகளில் மகாவிஷ்ணு என்ற ஆன்மிகப் பேச்சாளர், உடற்குறையோடு பிறப்பதை முற்பிறவிப் பாவத்தோடு இணைத்துப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் பேச்சின்போதே எழுந்து மறுத்தார். காணொளி பரவியது, பள்ளிக் கல்வி அமைச்சர் அந்த ஆசிரியரைப் பாராட்டினார், தலைமையாசிரியர்கள் இடம் மாற்றப்பட்டார்கள், செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் கைதானார். அந்த மேடையை அவருக்குக் கொடுத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுந்து போக முடியாத இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து வினைக்கோட்பாட்டைப் போதிப்பது 28ஆம் பிரிவுக்கு நேர் எதிரானது. ஆனால் அதன் பின் நடந்த விவாதம் முழுக்கப் பேச்சாளரையும் ஆசிரியரையும் அமைச்சரையும் சுற்றியே ஓடியது. அன்று எழுந்து மறுத்தது ஒரு மாணவியாக இருந்திருந்தால் பாராட்டு கிடைத்திருக்குமா, கண்டிப்பா? எங்கள் வீட்டில் வினைப்பயனை நம்புகிறோம் என்று மறுநாள் இன்னொரு மாணவி வகுப்பில் சொல்லியிருந்தால் அவளை உட்காரவைத்துப் பேசியிருப்போமா, வாயடைத்திருப்போமா? இரண்டாவது கேள்வி எனக்கு மேலும் முக்கியம். நமக்குப் பிடித்த பேச்சைக் காப்பாற்ற விதி எதுவும் தேவையில்லை.

எதிர்த்தரப்பை இப்படி முழுதாகக் கேட்பது இறக்குமதிச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், பரபக்கம் என்ற முழுப் பகுதியைப் பிற சமயங்களின் கொள்கைக்கு ஒதுக்குகிறது. கடவுளே இல்லை என்ற உலகாயதத்தில் தொடங்கி, ஒவ்வொன்றையும் எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் பல்லவன் மகேந்திரவர்மன் காபாலிகன், பௌத்தத் துறவி, பாசுபதன் மூவரையும் காஞ்சித் தெருவில் வாதாட விட்டு மத்தவிலாசப் பிரகசனம் எழுதினான். இது கற்றவர்களின் அவைக்குரிய பழக்கம், அதிகாரம் கலந்தபோது கதை வேறாகிவிட்டது என்று மறுப்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அதற்குச் சாட்சி இராமானுஜ மண்டபமே. சைவக் குடைவரையாகத் தொடங்கிய அதன் புடைப்புச் சிற்பங்களைப் பின்னால் வந்தவர்கள் செதுக்கி எடுத்துவிட்டு, முகப்பில் சங்கும் சக்கரமும் பொறித்தார்கள். நுழைவாயிலில் இருந்த சாபம் உள்ளே இருந்த சிற்பத்தைக் காக்கவில்லை. பள்ளியை இன்று ஒரு தரப்பு தன் கொள்கைக்குப் பயன்படுத்தினால், ஆட்சி மாறியதும் அடுத்த தரப்பு உளியோடு வரும். ஆத்திகர், நாத்திகர் இருவருமே அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

கடினமான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கருத்து என்று அனுமதித்தால் சாதித் திமிரும் கருத்தாகிவிடாதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு இதை ஏட்டுக் கேள்வியாகப் பேச முடியாது. அதையடுத்து அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது சரியே. அது எந்தக் கருத்தையும் சொல்வதில்லை, யார் யாரை அடிக்கலாம் என்று அணி பிரிக்கிறது. ஆனால் பக்தியால் பூசிய திருநீற்றையும் அதே பட்டியலில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குறிப்பிட்ட பள்ளியில் அந்தக் குறி மிரட்டலாகியிருக்கிறது என்று காட்டினால் அங்கே தடுக்கலாம். செங்கல்பட்டு மாநாடு குறிகளை விடச் சொன்னது, வளர்ந்தவர்களைப் பார்த்து வாதாடிச் சொன்ன கருத்து. அதையே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உத்தரவாகப் போட்டால் அது வேறொன்றாகிவிடுகிறது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது 51அ(எச்) பிரிவின்படி கடமையாயிற்றே என்பார்கள். கடமைதான், ஆசிரியர் அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். முற்பிறவிப் பாவத்தால் கண் போகிறது என்று ஒரு மாணவி சொன்னால், கண் எதனால் போகிறது என்று அவர் தெளிவாகச் சொல்லட்டும். பக்கத்தில் பார்வையற்ற தோழி இருந்தால், அவளைச் சுட்டிப் பேசவிடாமல் தடுக்கட்டும். சொன்னவளின் மதிப்பெண்ணிலும், அடுத்த நாள் அவளை அழைக்கும் குரலிலும் மாற்றம் வராமல் இருந்தால் போதும். வெளிப் பேச்சாளர்களுக்கு வழிகாட்டு நெறி வகுக்கப் போவதாக அரசு 2024இல் அறிவித்தது. யார் பேசலாம் என்பதோடு, பேச்சு முடிந்ததும் மாணவர் கேள்வி கேட்கக் கால்மணி நேரமாவது கட்டாயம் என்ற வரியும், மதக் காரணத்தாலோ மறுப்பாலோ வெளியே இருக்க விரும்பும் பிள்ளை காரணம் விளக்காமலே நூலகத்துக்குப் போகலாம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.